வெயிலில் வைத்த மூன்று பிளேட்டு

எனக்கு எழுபத்தெட்டு முடிந்து நடக்கிறது. பெற்றது ஐந்து. கொழுந்தனார் விட்டுப்போன இரண்டையும் சேர்த்து வளர்த்தது ஏழு. ஏழில் ஒன்றுகூட இன்றுவரை ஒருத்தர் வாசலில் போய்க் கைநீட்டி நின்றதில்லை. அதை முதலில் சொல்லிவிட்டுத்தான் மற்றதைச் சொல்வேன். நான் படித்தது மூன்றாம் வகுப்பு. எழுத்துக் கூட்டித்தான் எழுதுவேன். பேத்தியின் பழைய கணக்கு நோட்டைப் பின்பக்கத்திலிருந்து திருப்பி எழுதுகிறேன். கட்டம் போட்ட தாள். ஒரு கட்டத்துக்கு ஓர் எழுத்து வைத்தால் கோணாமல் நிற்கிறது. ஆடியில் தொடங்கினேன், இப்போது தை.

சின்னப் பிள்ளைகளுக்காக இதை எழுதவில்லை. என்னோடு ஒத்த வயசுள்ளவர்களுக்குத்தான். கீ கொடுத்துப் பாடவைக்கிற கிராமபோன் பெட்டியைக் கண்ணால் பார்த்தவர்கள் இனி நாம் கொஞ்சம் பேர்தான். அந்தப் பிளேட்டு எவ்வளவு கனம், கீழே விழுந்தால் என்ன சத்தம் வரும் என்று உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

அப்போது நாங்கள் பொன்மலையில் இருந்தோம். எனக்குப் பத்து, பதினொன்று வயசு. அப்பா ரயில்வே பட்டறையில் கலாசி. அம்மா ஒரு சட்டைக்காரர் வீட்டில் சமையல். ஆங்கிலோ இந்தியர்களை நாங்கள் சட்டைக்காரர் என்றுதான் சொல்வோம், உங்களுக்கும் ஞாபகம் இருக்கும். அண்ணனும் தங்கையும் மட்டும் இருந்த வீடு. அண்ணன் ரயில் டிரைவர். வண்டியோடு போனால் இரண்டு நாள் கழித்துத்தான் முகத்தைப் பார்க்கலாம். தங்கையைத்தான் நாங்கள் துரைசானி என்போம். கல்யாணம் செய்துகொள்ளாதவர். நாற்பதைத் தாண்டியிருக்கும்.

என் படிப்பை நிறுத்திய வருஷம் அது. தம்பி பிறந்திருந்தான், அவனைத் தூக்கிக்கொள்ள ஆள் வேண்டும் என்று நிறுத்தினார்கள். பிறகு தம்பி போய்விட்டான். பள்ளிக்கூடத்துக்கு என்னைத் திரும்ப அனுப்ப யாருக்கும் தோன்றவில்லை. எனக்கும் கேட்கத் தோன்றவில்லை. வெறுங்கையோடு அம்மா பின்னால் அந்த வீட்டுக்குப் போய் உட்கார்ந்திருப்பேன்.

முன் அறையில் பியானோ இருந்தது. கறுப்பு இல்லை, பழுத்த புளியங்கொட்டை நிறம். மூடியின் வலது ஓரத்தில் சிகரெட் சுட்ட வடு ஒன்று, நகம் போல. துரைசானி வாசிக்கும்போது நான் அதன் அடியில் போய் முதுகை மரத்தில் ஒட்டி உட்கார்ந்துகொள்வேன். சத்தம் காதில் வராது, முதுகெலும்பில் வரும். வினிகர் வாசனையும் பவுடர் வாசனையும் மரத்துக்குப் போட்ட எண்ணெய் வாசனையும் கலந்து வரும். அந்தப் பாட்டு நம்முடையது போல ஓர் இடத்தில் தொடங்கி அடுத்த இடத்துக்கு ஒழுங்காகப் போவதில்லை. போகிற வழியில் நின்று, யாரையோ திரும்பிப் பார்த்து, வேண்டாம் என்று தலையை ஆட்டி, பிறகு போகும்.

"இது பேரு என்னாங்க?" என்று கேட்டேன்.

"ஜாஸ். சொல்லு பாக்கலாம்."

"சாசு."

"போதும். அவ்வளவு வந்தா போதும்" என்று சிரித்தார். சிரிப்பு என்றால் சத்தமில்லை, காற்றுதான். இரண்டு வருஷம் முன்னால் தொண்டையில் கட்டி வந்து கத்தி வைத்திருந்தார்கள். பிழைத்தார், குரல் பிழைக்கவில்லை. பேசினால் காய்ந்த பனையோலையை இழுத்துக்கொண்டு போவது போல இருக்கும். பாடவே முடியாது.

முன்பு பாடினவர். யுத்த காலத்தில் கல்கத்தாவில் பெரிய ஹோட்டல் ஒன்றில் பியானோ வாசித்துக்கொண்டே பாடினவர். சிப்பாய்கள் கூட்டம் கூட்டமாகக் கேட்க வருவார்களாம். அமெரிக்காவிலிருந்து வந்த கறுப்புச் சிப்பாய் ஒருத்தர்தான் இவருக்கு அந்தப் பாட்டைச் சொல்லிக்கொடுத்தாராம். "சர்ச்சில வாயால பாடினா போதும் குட்டி. அவன் சொன்னான், இது அடி வயித்துலேர்ந்து வரணும், பசி மாதிரி" என்பார். அந்த நாளில் ஒரு கம்பெனி கூப்பிட்டு ஆறு பாட்டுப் பதிவு செய்தது. மாதிரிக்கு மூன்று பிளேட்டு, பக்கத்துக்கு ஒரு பாட்டு, போட்டுக் கையில் கொடுத்தார்கள். கடைக்கு அனுப்புவதற்குள் யுத்தம் முடிந்து, கம்பெனி கைமாறி, அச்சுத் தகடுகளை உருக்கிவிட்டார்கள். மிச்சம் அந்த மூன்று பிளேட்டுதான். உலகத்தில் வேறு எங்கேயும் அந்தக் குரல் இல்லை.

அதைத் தகரப் பெட்டியில் வைத்து, பியானோவுக்குப் பின்னால் இருட்டு மூலையில், குளிர்ந்த சிமெண்டுத் தரையில் வைத்திருப்பார். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சிலிருந்து வந்ததும் ஒன்றை எடுத்துக் கேட்பார். ஒன்றுக்கு மேல் கேட்கமாட்டார், தேய்ந்துவிடும் என்று. உறையிலிருந்து எடுத்துக் கொடுக்கிற வேலை எனக்கு. அம்மாவுக்குக்கூட அந்த உரிமை கிடையாது. எனக்கு அதில் எவ்வளவு கர்வம் என்று சொல்லி முடியாது.

ஒருநாள் பிளேட்டை எடுத்துக்கொண்டு ஜன்னலுக்குப் போய் வெயிலில் சாய்த்துப் பார்த்தேன். கோடுகள் மயில் கழுத்து மாதிரி மின்னின. துரைசானி ஓடிவந்து பிடுங்கினார்.

"வெயில் ஆகாது குட்டி! இதுக்குள்ள இருக்கறது யாரு? நான். வெளியில நிக்கறது சும்மா கிழவி. வெயில் பட்டா உள்ள இருக்கறவ செத்துப் போவா. தெரிஞ்சுதா?"

தெரிந்தது என்று தலையை ஆட்டினேன். இதை நீங்கள் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

அந்தச் சித்திரையில் மெட்ராஸிலிருந்து ஒரு கடிதம் வந்தது. துரைசானி சமையல்கட்டுக்கே வந்து, மாவுக் கையோடு நின்ற அம்மாவுக்குப் படித்துப் படித்துத் தமிழில் சொன்னார். எழுதினவர் ஒரு பிளேட்டுக் கம்பெனியில் உத்தியோகஸ்தர். வாலிபத்தில் கல்கத்தாவில் இவர் பாடிக் கேட்டவராம். பிளேட்டு இருப்பதை யாரோ சொல்லியிருக்கிறார்கள். வியாழக்கிழமை ரயிலில் வருகிறார். சுருள் நாடா ஓடுகிற மெஷின் கொண்டுவந்து பாட்டை அதில் பிடித்துக்கொண்டு போவார். புதிதாகப் பிளேட்டுப் போடுவார்கள்.

"என் பேர் போட்டு, போட்டோ போட்டு, கடையில வெப்பான் ஆயா. மெட்ராஸ், பாம்பே, லண்டன்."

"வெக்கட்டும்மா. அந்தப் போட்டோவுல இந்தப் பழைய கவுனைப் போட்டுக்கிட்டு நிக்காதீங்க."

"நீ கட்லெட் பண்ணு. அவன் கட்லெட் தின்னுட்டே கேக்கணும்."

அன்றைக்கு அவர் தன் கழுத்தில் இருந்த தழும்பை அம்மாவின் மாவுக் கையை எடுத்துத் தொட வைத்தார். "இதுக்கு மேல இது போனாலும் பரவாயில்ல. ஒரு ஆறு பாட்டு நின்னுடும்" என்றார்.

புதன்கிழமை துரைசானி தலைமுடி சுருட்டிக்கொள்ளக் கண்டோன்மெண்டுக்குப் போனார். வீட்டைச் சுத்தம் செய்து வைக்கும்படி அம்மாவிடம் சொல்லிவிட்டுப் போனார். கத்திரி வெயில் தொடங்கியிருந்தது. சித்திரை வெயிலில் நம் வீடுகளில் என்ன செய்வோம்? பாய், தலையணை, மிளகாய், புளி, பெட்டிச் சேலை, எல்லாவற்றையும் வெளியே எடுத்துப் பரப்புவோம். வெயில் காட்டினால் பூச்சி போகும், பூஞ்சை போகும், வாடை போகும். அம்மா அந்த வீட்டையும் நம் வீடு போலத்தான் செய்தாள். மெத்தை, கம்பளம், டிரைவர் துரையின் கோட்டு, எல்லாம் பின்வாசல் சிமெண்டுக் களத்துக்கு வந்தன. கடைசியில் தகரப் பெட்டியைத் திறந்தாள். பிளேட்டுகளின் மேல் வெள்ளையாகப் பூத்திருந்தது.

பாலை அளந்து ஊற்றிவிட்டுப் பால்காரம்மா போகாமல் நின்றுகொண்டிருந்தாள். வாய் சும்மா இருக்காதவள்.

"என்னாக்கா இது, கறுப்பு அப்பளமா? துரைசானி வீட்ல இதைத்தான் பொரிச்சுத் திங்கறாங்களா?"

அம்மாவும் சிரித்தாள். பிறகு என்னைப் பார்த்து, "நீதானே இதையெல்லாம் எடுத்துக் குடுக்கறவ. இதுக்கும் வெயில் காட்டலாமாடி? பூஞ்சை புடிச்சிருக்கு பாரு. வர்ற மனுஷன் மொகத்தைச் சுளிக்கப்போறாரு" என்றாள்.

"நல்ல ஆளைக் கேட்டே போ. மூணாங்கிளாஸோட மூட்டையைக் கட்டினவ. அவளுக்கு என்னா தெரியும்?" என்றாள் பால்காரம்மா.

எனக்குச் சுருக்கென்றது. இந்த வீட்டில் எனக்குத் தெரிந்தது ஒன்றுதான், அதுவும் தெரியாது என்கிறாளே என்று. 'வெயில் ஆகாது' என்று சொன்னால், உனக்கு எப்படித் தெரியும் என்று அம்மா கேட்பாள். ஜன்னலில் துரைசானி பிளேட்டைப் பிடுங்கின கதை வெளியே வரும். அதுவும் பால்காரம்மா முன்னால். ஒரு நிமிஷம் இருக்கும், அவ்வளவுதான் யோசித்தேன்.

"ஏன், எனக்குத் தெரியாதா? காட்டலாம். துரைசானியே காட்டுவாங்க" என்றேன்.

அம்மா பழைய வேட்டியை விரித்து, மூன்றையும் வரிசையாக வைத்தாள். ஓரத்தில் வேப்பிலைக் கொத்து ஒன்று வைத்தாள், காக்கை வராமல் இருக்க. கோடுகள் மின்னின. நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். அழகாகத்தான் இருந்தது. பிறகு கட்லெட்டுக்கு உருளைக்கிழங்கு உரிக்க அம்மா கூப்பிட்டாள், உள்ளே போய்விட்டேன்.

மதியம் சாய எடுக்கப் போனபோது விளிம்பு எழும்பியிருந்தது. பொரித்த அப்பளம் எப்படி இருக்கும், அப்படி. அம்மா ஒன்றை எடுத்து இரண்டு கையாலும் அமுக்கிப் பார்த்தாள். அது துணி மாதிரி வளைந்தது. அவள் முகம் எனக்கு இன்னும் தெரிகிறது. ஓடிப்போய் இரண்டு பலகை கொண்டுவந்து, நடுவில் மூன்றையும் அடுக்கி, நிழலில் வைத்து, மேலே அம்மிக்கல்லைத் தூக்கி வைத்தாள். கொஞ்ச நேரம் கழித்து, அது ஆறிய பிறகு, இன்னும் சரியாக அமுங்கட்டும் என்று குழவியையும் வைத்தாள். உள்ளே ஒரு சத்தம் கேட்டது. முறுக்கு உடைகிற சத்தம்.

துரைசானி புதுச் சுருளோடு, உதட்டில் சாயத்தோடு, பத்து வயது குறைந்து வந்தார். பலகையைப் பார்த்தார். அம்மா அம்மிக்கல்லைத் தூக்கிக் கீழே வைத்தாள். ஒன்று இரண்டாகப் போயிருந்தது. மற்ற இரண்டும் உடையவில்லை, ஆனால் அலை அலையாகவே இருந்தன.

"யாரு?" என்றார்.

"நான்தாம்மா. பூஞ்சை புடிச்சிருந்துச்சு. நல்லதுக்குன்னு நெனச்சு வெயில் காட்டினேன். எனக்குத் தெரியலம்மா."

அம்மா என் பெயரை எடுக்கவே இல்லை. குழந்தையைக் கேட்டது தன் புத்தி என்று நினைத்தாளோ என்னவோ. துரைசானி திரும்பி என்னைப் பார்த்தார். நான் கதவுக்குப் பின்னால் பாதி மறைந்து நின்றேன். வாயைத் திறக்கவில்லை. அவரும் கேட்கவில்லை. பார்த்ததோடு சரி.

சாயங்காலம் அப்பாவிடம் அம்மா அழுதாள். அப்பா தலையில் அடித்துக்கொண்டார். "அது அரக்குடி! பார்சல் மேல சீல் வெக்கறோமே, அதே அரக்கு. கத்திரியில வெச்சா இளகாம என்னா பண்ணும்? பச்சைப்புள்ளைக்குக்கூடத் தெரியுமே!"

பச்சைப்பிள்ளைக்குத் தெரிந்துதான் இருந்தது.

மறுநாள் மெட்ராஸ்காரர் வந்தார். நல்ல மனுஷர். மெஷினை மேஜை மேல் வைத்துக் கம்பியெல்லாம் மாட்டினார். கிராமபோனில் முதல் பிளேட்டைப் போட்டார்கள். ஊசி படகு போல ஏறியது, இறங்கியது, தாவிப் பக்கத்துக் கோட்டில் விழுந்தது. குரல் வந்தது, போனது, இழுத்தது, அழுதது போல வந்தது. அவர் ஊசித் தலையின் மேல் ஓரணாக் காசு ஒன்றை வைத்துப் பார்த்தார். இரண்டாவதைப் போட்டார். அதில் ஓர் இடத்தில், ஒரு மூச்சு நேரம், ஒரு தட்டும் இல்லாமல் குரல் தெளிவாக வந்தது. மேலே போய், அங்கேயே நின்று, இறங்க மனசில்லாமல் இறங்கியது. அறையில் எல்லோரும் நிமிர்ந்தோம். அடுத்த சுற்றில் ஊசி குதித்துப் பிளேட்டை விட்டு வெளியே விழுந்தது.

அதற்குப் பிறகு அவர்கள் இங்கிலீஷில் பேசினார்கள். துரைசானி எழுந்துபோய்ப் பியானோவில் உட்கார்ந்தார். அதே பாட்டை வாசித்தார். வாசித்துக்கொண்டே வாயைத் திறந்தார். அந்தப் பனையோலைக் குரலில் நான்கு வார்த்தை வந்திருக்கும். மெட்ராஸ்காரர் மெஷினின் பொத்தானை அமுக்கி நிறுத்தினார். பார்க்கச் சகிக்காமல்தான் நிறுத்தினார், அது எனக்கு இப்போது தெரிகிறது. அன்றைக்குக் கல்நெஞ்சுக்காரன் என்று நினைத்தேன்.

போகும்போது கட்லெட்டு வைத்த தட்டோடு நின்ற அம்மாவிடம் தமிழில் சொன்னார்: "துரைசானியம்மாவே மறதியா ஜன்னலோரம் வெச்சுட்டாங்களாமே. இப்படியும் ஒரு மறதி உண்டா? பாவம்."

துரைசானி எங்களைக் காட்டிக்கொடுக்கவில்லை.

அம்மா அடுத்த நாளிலிருந்து வேலைக்குப் போகவில்லை. முகத்தைப் பார்க்க வெட்கம். அப்பாவுக்கு வேறு பயம். டிரைவர் துரை பட்டறையில் பெரிய துரையிடம் சொல்லித் தன்னை எங்காவது தூக்கி அடித்துவிடுவாரோ என்று. "அந்தப் பக்கம் தலைவெச்சுப் படுக்காதே" என்றுவிட்டார். எங்கள் லைன் வீடுகளில் எல்லோரும், துரைசானி அடித்துத் துரத்திவிட்டாள் என்று பேசினார்கள். அப்பா மறுக்கவில்லை. அப்படிப் பேசினால் நமக்கு நல்லதுதான் என்றார்.

பதினைந்து நாள் கழித்துத் துரைசானியே குடை பிடித்துக்கொண்டு எங்கள் லைனுக்கு வந்தார். வாசலில் நின்று "ஆயா, ஆயா" என்று கூப்பிட்டார். அந்தக் குரலில் கூப்பிடுவது எவ்வளவு கஷ்டம் என்று எங்களுக்குத் தெரியும். அம்மாவும் நானும் உள்ளே குதிருக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தோம். அப்பா போய், "ஊருக்குப் போயிருக்காங்க. எப்ப வருவாங்கன்னு தெரியல" என்றார்.

"வந்தா வரச் சொல்லு. எனக்குக் கட்லெட் பண்ணத் தெரியாது" என்றார் துரைசானி. நெடுநேரம் நின்றார். அம்மா அங்கே விட்டுவந்த தூக்குப் பாத்திரத்தை வைத்துவிட்டு, "உள்ள இருக்கறது குட்டிக்கு" என்று சொல்லிவிட்டுப் போனார்.

திறந்தால், செய்தித்தாளில் சுற்றி, உடைந்த பிளேட்டில் ஒரு பாதி.

அம்மா அழுதாள். "நாம ரெண்டு பேருமே தெரியாமப் பண்ணினதுடி. அதான் அவங்களுக்குக் கோவமில்ல" என்றாள். நான் ஆமாம் என்றேன். வெயில் ஆகாது என்று எனக்குச் சொன்னவர் துரைசானி. ஆக, எனக்குத் தெரியும் என்பது இந்த உலகத்தில் அவர் ஒருத்தருக்குத்தான் தெரியும். தெரிந்துதான் அந்தத் துண்டை எனக்குக் கொடுத்தார். மன்னித்துக் கொடுத்தாரா, வைத்துக்கொண்டு நினைத்துக்கொண்டே இரு என்று கொடுத்தாரா, அறுபத்தேழு வருஷமாக யோசித்துவிட்டேன். விளங்கவில்லை.

பிறகு நடந்ததைச் சுருக்கிச் சொல்கிறேன். டிரைவர் துரை ரிட்டயராகி ஆஸ்திரேலியாவுக்குக் கப்பலேறினார். தங்கைக்குத் தொண்டை வியாதி என்று அனுமதி கிடைக்கவில்லை. பியானோவை விற்றுவிட்டு, சர்ச்சுப் பக்கம் ஒரு அறையில் இருந்து, இரண்டு மழைக்காலம் தாண்டவில்லை. எங்களுக்கு விஷயம் தெரிந்தபோது மண் போட்டு மாதம் ஆகியிருந்தது. அந்த இரண்டு பிளேட்டு எங்கே போயிற்றென்று யாருக்கும் தெரியாது.

பதினாறு வயசில் என்னைச் சீரங்கத்தில் கொடுத்தார்கள். அந்த வருஷ நவராத்திரிக்கு, நாங்கள் பூக் கட்டிக் கொடுக்கிற வக்கீல் வீட்டில் வெற்றிலை பாக்குக்குக் கூப்பிட்டார்கள். கொலு வைத்திருந்தார்கள். மேல் படிக்கு மட்டும் ஏதோ பெட்டி மேல் வேட்டி விரித்து, அதன்மேல் பெருமாள் தாயார் எழுந்தருளியிருந்தார்கள். வேட்டி கொஞ்சம் விலகியிருந்த இடத்தில் நகம் போல அதே சிகரெட் வடு. துரைசானியின் பியானோ. என் கை தானாக உள்ளே போனது. ஒரு கட்டையை அமுக்கினேன். சத்தமே வரவில்லை.

"அதைத் தொடாதேடிம்மா" என்றார் வக்கீலாத்து மாமி. "பொண்ணு கத்துக்கறேன்னு சொன்னாளேன்னு அவர் வாங்கிப் போட்டார். அவளும் கத்துக்கலை. உள்ளே எலி குடித்தனம் பண்ணிண்டிருக்கு. கொலுவுக்காவது ஆறதேன்னு வெச்சிண்டிருக்கேன்."

சுண்டலை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

அந்தப் பாதிப் பிளேட்டைப் புடவைக்கடியில் டிரங்குப் பெட்டியில் வைத்திருந்தேன். மூத்தவளை உண்டாகியிருந்தபோது பெட்டியைக் காலி செய்தேன். வெளியே வைத்ததை ஓரகத்தி கரித்துண்டு என்று எண்ணி வெந்நீர் அடுப்பில் போட்டுவிட்டாள். வாடை வந்தபோதுதான் ஓடினேன். அரக்கு எரிகிற வாடை. "கரியைக் காணோம்னா அழுவாங்க?" என்று அவள் கேட்டாள்.

அம்மா கடைசிவரை, ஒவ்வொரு சித்திரையிலும் மிளகாய் காயவைக்கும்போது, "ஒரு மனுஷியோட தொண்டையைப் பொசுக்கினவ நான்" என்று சொல்லிக்கொண்டே காயவைப்பாள். பக்கத்தில் உட்கார்ந்து காம்பு கிள்ளிக்கொண்டே நான் கேட்பேன். சொல்லியிருக்கலாம். நாற்பது சித்திரை கிடைத்தது. ஏழு பிள்ளைகளைப் பொய் சொல்லாதே என்று அடித்து வளர்த்தவள், அந்த ஒரு வார்த்தையைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அம்மாவையும் கொள்ளிடக்கரையில் எரித்துவிட்டோம்.

அந்த ஒரு மூச்சு நேரப் பாட்டு மட்டும் எனக்குள் இருக்கிறது. மேலே போய், அங்கேயே நின்று, இறங்க மனசில்லாமல் இறங்குவது. என்னோடு அதுவும் போய்விடும். பாடிக் காட்ட எனக்குக் குரல் கிடையாது.

கண்ணு, செல்போனைக் கீழே வெச்சுட்டு இங்க வா. நோட்டை எடு, பின்பக்கத்துலேர்ந்து. எழுத்து புரியலன்னா கேளு. எல்லாத்தையும் படிக்க வேணாம். பால்காரம்மா வர்ற எடத்துலேர்ந்து படி. அப்படி இல்ல, எம்பக்கம் திரும்பாதே. எங்கம்மா, உன் கொள்ளுப்பாட்டி போட்டோ மாட்டியிருக்குல்ல, அந்தச் செவுத்தைப் பாத்து உக்காந்து, சத்தமாப் படி. அவளுக்குக் கேக்காதுன்னு எனக்கும் தெரியும். படி.